முறுக்கப்படும் தண்டும் கணிப்பொறி தரும் விடையும்

துவைத்த துணியைப் பிழியும்போது நாம் என்ன செய்கிறோம்? ஒரு முனையை ஒரு கையால் ஒரு பக்கமாகவும், மறு முனையை மறு கையால் எதிர்ப்பக்கமாகவும் திருப்புகிறோம். துணி முறுக்கிக்கொள்கிறது. மின்மோட்டாரின் தண்டும், லாரியின் எஞ்சினிலிருந்து பின்சக்கரங்களுக்கு ஆற்றலைக் கொண்டு செல்லும் நீண்ட தண்டும், திருகைச் சுழற்றும் திருப்புளியின் கம்பியும் இதே நிலைக்கு உள்ளாகின்றன. துணியின் முறுக்கம் கண்ணுக்குத் தெரிகிறது. எஃகுத் தண்டின் முறுக்கம் தெரிவதில்லை. ஒரு மீட்டர் நீளத் தண்டு ஒரு பாகை அளவு முறுகினாலும் அதைப் பார்வையால் அறிய முடியாது. ஆகவே அதைக் கணக்கிட்டே அறிய வேண்டியிருக்கிறது.

இந்தக் கணக்கைச் செய்து காட்டுவதற்கென்றே மாணவர்களுக்காக எழுதப்பட்ட கணிப்பொறி நிரல்கள் இருக்கின்றன. எண்களைக் கொடுத்தால் போதும். நொடிப்பொழுதில் விடை வந்துவிடுகிறது. விடை சரியானதுதானா என்று கேட்டால், பெரும்பாலும் சரி என்றே சொல்ல வேண்டும். ஆனால் அந்த விடை நம் கையிலுள்ள தண்டுக்குப் பொருந்துமா என்பது வேறு கேள்வி. இந்த இரண்டாவது கேள்வியை மாணவன் கேட்கப் பழகுகிறானா என்பதைக் கொண்டே இத்தகைய நிரல்களை மதிப்பிட வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்து. எடுத்துக்காட்டாக, இத்துறையில் நன்கு அறியப்பட்ட நிரல் ஒன்றைப் பார்ப்போம்.

நிரலும் அதன் ஆசிரியரும்

'எம்.டி. சாலிட்ஸ்' என்பது பொருள்களின் வலிமையியல் பயிலும் மாணவர்களுக்காக 1990களில் அமெரிக்காவில் உருவாக்கப்பட்ட நிரல். இதை ஆக்கியவர் டிமோதி ஃபில்பாட் என்னும் பேராசிரியர். கென்டக்கி மாநிலத்தின் மர்ரி மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய இவர், பின்னர் மிசௌரி மாநிலத்தின் ரோலா நகரிலுள்ள பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். பொறியியல் கல்விக்கான சிறந்த பாட மென்பொருளுக்கு வழங்கப்படும் 'பிரீமியர்' விருது 1998ஆம் ஆண்டில் இந்நிரலுக்குக் கிடைத்தது. அதே ஆசிரியர் அசையும் படங்களைக் கொண்டு ஆக்கிய 'மெக் மூவீஸ்' என்னும் தொகுப்பும் 2004இல் அவ்விருதைப் பெற்றது. 2008இல் அவர் எழுதிய பாடநூலும் வெளிவந்தது. எனவே இது ஏதோ பொழுதுபோக்காக எழுதப்பட்ட நிரல் அன்று. பல ஆண்டுகள் வகுப்பறையில் நின்று பாடம் சொன்ன ஒருவரின் உழைப்பு.

உத்திரங்கள், தூண்கள், சட்டகங்கள், மோர் வட்டம் என்று பல பகுதிகள் இதில் உள்ளன. நாம் இங்கு எடுத்துக்கொள்வது வட்டத் தண்டுகளின் முறுக்கத்தைக் கணக்கிடும் பகுதியை மட்டுமே. இதன் தலையாய சிறப்பு, விடையை மட்டும் தந்துவிட்டு நிற்காமல், அந்த விடை எந்தச் சமன்பாட்டிலிருந்து எவ்வாறு வந்தது என்பதையும் சொற்றொடர்களாகவே எழுதிக் காட்டுவதாகும். வெறும் கணக்குப் பொறிக்கும் பாட நிரலுக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

சமன்பாடு சொல்வது என்ன?

தண்டின் முறுக்கத்தை முதன்முதலில் ஒழுங்காக அளந்தவர்களில் தலைசிறந்தவர் பிரெஞ்சு நாட்டு விஞ்ஞானி கூலும். மின்னூட்டங்களுக்கு இடையேயுள்ள விசை பற்றிய விதியால் நமக்கு அறிமுகமான அதே கூலும்தான். ஒரு மெல்லிய கம்பியில் உலோக உருளையைத் தொங்கவிட்டு, அதைச் சற்றே திருப்பி விட்டால், உருளை இப்படியும் அப்படியுமாகச் சுழன்று ஊசலாடும். இந்த ஊசலாட்டத்தின் நேரத்தை அளந்து, கம்பி முறுக்கத்தை எதிர்க்கும் வலிமை அதன் விட்டத்தின் நான்காம் படிக்கு நேர்விகிதத்திலும், நீளத்திற்கு எதிர்விகிதத்திலும் இருப்பதை அவர் கண்டார். 1784ஆம் ஆண்டில் பாரிஸ் அறிவியற் கழகத்தில் இதை வெளியிட்டார். மறு ஆண்டில் இதே முறுக்குக் கம்பியைக் கொண்டுதான் மின்விசையை அளந்தார். 1798இல் காவென்டிஷ் பூமியின் அடர்த்தியைக் கண்டதும் முறுக்குத் தராசின் துணையால்தான்.

நான்காம் படி என்பதை மாணவர்கள் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். விட்டம் இரு மடங்கானால் தண்டின் விறைப்பு 16 மடங்காகிறது.

இன்று பாடநூல்களில் காணப்படும் சமன்பாட்டைச் சொற்களில் இவ்வாறு கூறலாம். தண்டின் மீதுள்ள திருப்புவிசையைக் குறுக்குவெட்டின் முனைவுத் திருப்புத்திறனால் வகுத்தால் ஓர் எண் கிடைக்கும். ஓரிடத்திலுள்ள சறுக்குத் தகைவை, மையத்திலிருந்து அவ்விடத்திற்குள்ள தொலைவால் வகுத்தாலும் அதே எண் கிடைக்கும். விறைப்புக் குணகத்தை முறுக்குக் கோணத்தால் பெருக்கி, நீளத்தால் வகுத்தாலும் அதே எண்தான். இதிலிருந்து, தகைவு தண்டின் மையத்தில் சுழியாகவும், மேற்பரப்பில் பெருமமாகவும் இருக்கும் என்பது தெளிவாகிறது.

ஆனால் இச்சமன்பாடு சில நிபந்தனைகளுக்கு உட்பட்டது. தண்டு நேராக இருக்க வேண்டும். குறுக்குவெட்டு முழு வட்டமாகவோ, வட்ட வளையமாகவோ இருக்க வேண்டும். பொருள் எங்கும் ஒரே தன்மையுடன் இருக்க வேண்டும். தகைவு மீட்சி எல்லைக்குள் அடங்கியிருக்க வேண்டும். விசை செலுத்தப்படும் இடத்திற்கு மிக அருகிலுள்ள பகுதிக்கு இதைப் பயன்படுத்தக் கூடாது. பாடநூலில் இவை ஒரு பத்தியில் அடங்கிவிடும். தேர்வுக்குப் படிப்பவன் அந்தப் பத்தியைத் தாண்டிச் சமன்பாட்டுக்குத் தாவிவிடுகிறான். கணிப்பொறித் திரையில் எண்களுக்கான கட்டங்களே முன்னால் நிற்பதால், அந்தப் பத்தி இன்னும் எளிதாக மறந்துபோகிறது.

நிரலால் விளையும் நன்மை

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 40 மில்லிமீட்டர் விட்டமும் ஒரு மீட்டர் நீளமும் கொண்ட எஃகுத் தண்டு, நிமிடத்திற்கு 300 சுற்று வேகத்தில் 15 கிலோவாட் திறனைக் கடத்துகிறது எனக் கொள்வோம். திருப்புவிசை சுமார் 477 நியூட்டன் மீட்டர். அதாவது ஒரு மீட்டர் நீளமுள்ள கையின் நுனியில் ஏறத்தாழ 49 கிலோகிராம் எடையைத் தொங்கவிட்டது போன்றது. தண்டின் மேற்பரப்பில் சறுக்குத் தகைவு 38 மெகாபாஸ்கல். எஃகின் விறைப்புக் குணகம் 80 ஜிகாபாஸ்கல் எனக் கொண்டால் முறுக்குக் கோணம் 1.36 பாகை.

இதைக் காகிதத்தில் செய்ய ஒரு மாணவனுக்குப் பத்து நிமிடம் ஆகலாம். ஆகவே அவன் ஒரு தண்டைக் கணக்கிட்டு முடித்ததும் நோட்டை மூடிவிடுவான். நிரலின் துணையுடன் அதே பத்து நிமிடத்தில் இருபது தண்டுகளை ஆராயலாம். இதே தண்டின் நடுவில் 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளையிட்டால் என்ன ஆகும்? எடையில் கால் பங்கு குறைந்துவிடுகிறது. பெருமத் தகைவோ 38இலிருந்து 40.5 மெகாபாஸ்கலாக மட்டுமே உயர்கிறது. துளையை 30 மில்லிமீட்டராக்கினால் எடை ஏறத்தாழ 56 விழுக்காடு குறைகிறது, தகைவு 55.6 மெகாபாஸ்கலாகிறது. நடுப்பகுதியிலுள்ள உலோகம் வேலை ஏதும் செய்யாமல் சும்மா இருக்கிறது என்று ஆசிரியர் கரும்பலகையில் எழுதிப் போட்டால் மாணவன் அதை மனப்பாடம் செய்வான். எண்களைத் தானே மாற்றி மாற்றிப் பார்க்கும்போது அவன் அதைக் கண்டுபிடிக்கிறான். இவ்வகையில் 'எம்.டி. சாலிட்ஸ்' பாராட்டுக்குரியது என்பதில் ஐயமில்லை.

எண் ஒன்று தவறினால்

இனி, இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். வினாத்தாளில் தண்டின் ஆரம் 20 மில்லிமீட்டர் என்று கொடுக்கப்பட்டிருக்கிறது. மாணவன் அவசரத்தில் விட்டத்திற்கான கட்டத்தில் 20 என்று இட்டுவிடுகிறான். தகைவு எட்டு மடங்காகி 304 மெகாபாஸ்கல் என்றும், முறுக்குக் கோணம் பதினாறு மடங்காகி ஏறத்தாழ 21.8 பாகை என்றும் விடை வருகிறது. இழுவிசையில் 250 மெகாபாஸ்கலில் இளகத் தொடங்கும் மென் எஃகு, சறுக்கில் ஏறக்குறைய 125 முதல் 145 மெகாபாஸ்கலுக்குள்ளேயே இளகிவிடும். ஆகவே இந்த 21.8 பாகை என்பது எந்த மென் எஃகுத் தண்டிலும் நிகழாத ஒரு கோணம். இளகு எல்லை எவ்வளவு என்பதை நாம் சொல்லாதவரை, மீட்சி விதியை மட்டுமே அறிந்த சமன்பாடு எந்த எண்ணையும் மறுப்பதில்லை.

இந்தத் தவறையாவது கண்டுகொள்ளலாம். விடை மிகப் பெரியதாக இருப்பதால் சந்தேகம் எழும். எதிர்ப்பக்கமாக நேரும் தவறே ஆபத்தானது. தண்டின் விட்டமான 40ஐ ஆரம் என்று எண்ணி ஒருவன் விட்டத்தை 80 என்று கொடுத்துவிட்டால், தகைவு 4.75 மெகாபாஸ்கல் என்றும், கோணம் 0.085 பாகை என்றும் விடை வரும். "தண்டு மிகவும் பாதுகாப்பாக இருக்கிறது" என்று அவன் மகிழ்வான். தேவைக்கு மேல் பருமனாக இருக்கிறதே என்று எண்ணி, உலோகத்தை மிச்சப்படுத்துவதற்காக விட்டத்தைப் பாதியாகவும் குறைக்கக்கூடும். அப்படி 20 மில்லிமீட்டரில் கடையப்படும் தண்டில் உண்மையான தகைவு 304 மெகாபாஸ்கல். பட்டறையில் அத்தண்டு முறுகிப்போகும். கணிப்பொறி எந்தத் தவறும் செய்யவில்லை. கேட்டதற்குச் சரியாகவே பதில் சொல்லியிருக்கிறது.

தசம இடங்களைப் பற்றியும் ஒரு சொல் கூற வேண்டும். மேற்கண்ட தண்டின் தகைவைக் கணிப்பொறி 37.9954 மெகாபாஸ்கல் என்றும் காட்டக்கூடும். எஃகின் விறைப்புக் குணகமே வகைக்கு வகை சற்று மாறுவது. மின்மோட்டாரோ ஓடத் தொடங்கும்போது இயல்பான திருப்புவிசையைப் போல இரு மடங்கு வரை தருவதுண்டு. இந்த நிலையில் நான்கு தசம இடங்களுக்கு என்ன பொருள்? விடைத்தாளில் அவற்றை அப்படியே பார்த்து எழுதும் மாணவன், தான் அறியாத ஒன்றை அறிந்ததாக எழுதுகிறான்.

பேரறிஞரும் செய்த பிழை

சமன்பாட்டை அதன் எல்லைக்கு வெளியே கொண்டுபோவது இளம் மாணவர்கள் மட்டுமே செய்யும் பிழை என்று நினைத்துவிடக் கூடாது. பிரெஞ்சுப் பொறியியல் மேதை நேவியர், 1826இல் வெளியிட்ட தம் விரிவுரை நூலில், முறுக்கப்படும்போது வட்டத் தண்டின் குறுக்குவெட்டு தட்டையாகவே இருப்பதைப் போலச் செவ்வகத் தண்டின் குறுக்குவெட்டும் தட்டையாகவே இருக்கும் என்று கொண்டார். அதனால் வட்டத்திற்குரிய முறையையே செவ்வகத்திற்கும் பயன்படுத்தினார். மையத்திலிருந்து மிகத் தொலைவில் இருப்பவை மூலைகள் அல்லவா? எனவே பெருமத் தகைவு மூலைகளில்தான் இருக்கும் என்ற முடிவு வந்தது.

அவருக்குப் பின்வந்த செயின்ட் வெனான், 1855இல் வெளிவந்த தம் புகழ்பெற்ற ஆய்வுரையில் இது தவறு என்று நிறுவினார். வட்டமல்லாத தண்டை முறுக்கினால் அதன் குறுக்குவெட்டு தட்டையாக இராமல் மேடுபள்ளமாக நெளிகிறது. மூலையில் தகைவு சுழி! மையத்திற்கு மிக அருகிலுள்ள பக்கத்தின் நடுவில்தான் பெருமத் தகைவு. நீண்ட சதுர ரப்பர்த் துண்டு ஒன்றின் பக்கங்களில் பேனாவால் கட்டம் கட்டமாகக் கோடுகள் வரைந்து முறுக்கிப் பார்த்தால், பக்கத்தின் நடுவிலுள்ள கட்டங்கள் நன்றாகச் சரிந்துபோவதையும், மூலையருகே உள்ளவை ஏறத்தாழ அப்படியே இருப்பதையும் யாரும் காணலாம்.

பிழையின் அளவு எவ்வளவு? சதுரத் தண்டாயின் நேவியர் முறை அதன் விறைப்பை ஏறத்தாழ 18.5 விழுக்காடு மிகையாகக் காட்டும். அகலம் கனத்தைப் போலப் பத்து மடங்குள்ள பட்டையாயின் 27 மடங்கு மிகையாகக் காட்டும்! முனைவுத் திருப்புத்திறன் என்னும் ஒரே பெயரைக் கண்டு, எந்த வடிவத்திற்கும் அதைக் கணக்கிட்டு முறுக்கச் சமன்பாட்டில் இட்டுவிடலாம் என்று எண்ணும் மாணவன், இந்தப் பழைய பிழையை நிரலின் துணையுடன் இன்னும் விரைவாகச் செய்வான்.

ஒரு காகிதக் குழாய்

வட்டமாக இருந்தால் மட்டும் போதுமா என்றால், அதுவும் போதாது. இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஓர் அஞ்சலட்டையை அல்லது அதே கனமுள்ள அட்டையைக் குழாயாகச் சுருட்டுங்கள். இரு விளிம்புகளும் சற்றே ஒன்றன்மேல் ஒன்று படியட்டும். ஆனால் ஒட்ட வேண்டாம். மேலும் கீழும் நூலால் தளர்வாகக் கட்டிவிட்டு, இரு முனைகளையும் பிடித்து முறுக்குங்கள். குழாய் எளிதாக முறுகும். விளிம்புகள் நீளவாக்கில் ஒன்றன்மேல் ஒன்று நழுவுவதையும் காணலாம். இப்போது விளிம்பைப் பசையிட்டு ஒட்டிக் காயவைத்து, மறுபடியும் முறுக்கிப் பாருங்கள். அதே அட்டை, அதே விட்டம். ஆனால் குழாய் அசைந்து கொடுக்க மறுக்கிறது.

காரணம் இதுதான். தண்டை முறுக்கும்போது குறுக்குவெட்டில் சறுக்குத் தகைவு எவ்வளவு உண்டாகிறதோ, அதே அளவு தகைவு தண்டின் நீளவாக்கிலும் உண்டாகிறது. நீளவாக்கில் பிளவு இருந்தால் அத்தகைவைத் தாங்க அங்கே பொருள் இல்லை. சராசரி ஆரம் 20 மில்லிமீட்டரும் சுவரின் கனம் 2 மில்லிமீட்டரும் உள்ள எஃகுக் குழாயை எடுத்துக்கொண்டால், நீளவாக்கில் ஒரே ஒரு கோடு அறுத்துவிட்டால் போதும். அதன் முறுக்கு விறைப்பு 300இல் ஒரு பங்காகிவிடும்.

நிரலிடம் நாம் கொடுப்பவை வெளிவிட்டம், உள்விட்டம், நீளம், விறைப்புக் குணகம், திருப்புவிசை ஆகியவையே. முழுக் குழாய்க்கும் அறுத்த குழாய்க்கும் இந்த ஐந்து எண்களும் ஒன்றுதான். ஆகவே விடையும் ஒன்றாகவே வரும். 300 மடங்கு வேறுபடும் இரு பொருள்களுக்கு ஒரே விடை! பிளவு இருப்பதைக் காண வேண்டியது மாணவனின் கண். அந்தக் கண்ணைப் பயிற்றாத பாடம் பாதிப் பாடமே.

சுண்ணக்கட்டியும் குச்சியும்

இன்னொரு சோதனை. வகுப்பறையில் எழுதும் சுண்ணக்கட்டி ஒன்றை இரு கைகளாலும் பிடித்து, வளைக்காமல் முறுக்கி உடையுங்கள். உடைந்த முகம் தட்டையாக இராது. திருகாணியின் மரை போல 45 பாகைச் சாய்வில் சுற்றிச் செல்லும். மென் எஃகுத் தண்டைச் சோதனைப் பொறியில் முறுக்கி உடைத்தால் குறுக்காக, ஏறத்தாழத் தட்டையாக உடையும். காய்ந்த மரக்குச்சியை முறுக்கினாலோ நாரோட்டத்தின் வழியே நீளவாக்கில் வெடிக்கும்.

மூன்றிலும் நிகழ்வது ஒரே முறுக்கம்தான். ஆனால் ஒவ்வொரு பொருளும் தனக்கு எது பலவீனமோ அந்த வழியில் உடைகிறது. முறுக்கப்படும் தண்டில் 45 பாகைச் சாய்வில் ஒரு பக்கம் இழுவிசைத் தகைவும், அதற்குச் செங்குத்தாக அழுத்தத் தகைவும் தோன்றுகின்றன. நம் எடுத்துக்காட்டில் சறுக்குத் தகைவு 38 மெகாபாஸ்கலாயின் இவையும் 38 மெகாபாஸ்கல்தான். சுண்ணக்கட்டி இழுவிசையைத் தாங்காது. எனவே அச்சாய்வில் உடைகிறது. எஃகு சறுக்கில் விட்டுக்கொடுக்கிறது. மரம் நாரோட்டத்தில் பிளக்கிறது. குழாயின் கதையில் நாம் கண்ட நீளவாக்குத் தகைவின் வேலை இது.

இதை விளக்குவதற்கு உதவும் மோர் வட்டம் 'எம்.டி. சாலிட்ஸ்' நிரலில் இருக்கிறது. ஆனால் அது தனிப் பகுதி. முறுக்கப் பகுதியில் கிடைத்த தகைவை எடுத்துக்கொண்டு மோர் வட்டப் பகுதிக்குப் போக வேண்டும் என்பது மாணவனுக்குத் தோன்ற வேண்டும். பாடநூலில் இரண்டும் வெவ்வேறு அத்தியாயங்கள் என்பதால் நிரலிலும் வெவ்வேறு பகுதிகளாகிவிட்டன போலும். அத்தியாயங்களாகப் பிரிப்பது நம் வசதிக்காக. தண்டு அப்படிப் பிரித்துக்கொண்டு உடைவதில்லை.

படியும் பள்ளமும்

உண்மையான தண்டுகள் பாடநூலில் வரையப்படும் உருளைகளைப் போல மழுமழுவென்று இருப்பதில்லை. தாங்கியைப் பொருத்துவதற்காக ஓரிடத்தில் விட்டம் குறைக்கப்பட்டிருக்கும். கப்பியையோ பற்சக்கரத்தையோ தண்டுடன் பூட்டுவதற்காக, பட்டறைக்காரர்கள் 'கீவே' என்று சொல்லும் நீண்ட பள்ளம் வெட்டப்பட்டிருக்கும். விட்டம் மாறும் தண்டைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் கணக்கிடுவது எளிது. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு தகைவு கிடைக்கும். ஆனால் விட்டம் மாறும் அந்தப் படியின் உட்கோணத்தில் தகைவு எவ்வளவு? அக்கோணம் கூர்மையாகக் கடையப்பட்டிருந்தால், சமன்பாடு தரும் அளவைப் போல ஒன்றரை மடங்குக்கு மேலும் அங்கே தகைவு ஏறக்கூடும். அதனால்தான் தேர்ந்த கடைசல்காரர் அவ்விடத்தைச் சிறிது வளைவாக விட்டுக் கடைகிறார். ஓயாமல் சுழலும் தண்டு ஒடியும்போது பெரும்பாலும் இத்தகைய படியிலோ பள்ளத்தின் மூலையிலோதான் விரிசல் விடத் தொடங்குகிறது. மழுமழுப்பான நடுப்பகுதியில் அன்று. அதாவது, சமன்பாடு மிக நன்றாகப் பொருந்துகிற இடம், தண்டு உடைவதற்கு வாய்ப்பு மிகக் குறைந்த இடமாக இருக்கிறது!

விளக்கம் யாருக்கு?

தமிழ்வழி மாணவர்களைப் பொறுத்தவரை மற்றொரு குறையையும் சொல்லியாக வேண்டும். இந்நிரலின் சிறந்த பகுதி அதன் விளக்கச் சொற்றொடர்கள் என்றோம். அவை ஆங்கிலத்தில் உள்ளன. அமெரிக்க மாணவர்களுக்காக எழுதப்பட்ட நிரலில் இது இயல்பே. ஆசிரியரைக் குறை கூற முடியாது. ஆனால் விளைவைக் கவனிக்க வேண்டும். எண்களுக்கு மொழி இல்லை. எனவே ஆங்கிலம் தடுமாறும் மாணவனுக்கு விடை மட்டும் கிடைக்கிறது, விளக்கம் கிடைப்பதில்லை. பாட நிரல் அவன் கையில் வெறும் கணக்குப் பொறியாகிவிடுகிறது. எவனுக்கு விளக்கம் மிகவும் தேவையோ அவனுக்கே அது எட்டாமற் போகிறது.

அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டடப் பொறியியல், இயந்திரப் பொறியியல் பட்டப் படிப்புகள் 2010ஆம் ஆண்டில் தமிழ்வழியிலும் தொடங்கப்பட்டன. தகைவு, திரிபு, விறைப்புக் குணகம் போன்ற கலைச்சொற்கள் நம்மிடம் பல ஆண்டுகளாகவே உள்ளன. வட்டத் தண்டின் முறுக்கத்தைக் கணக்கிடும் நிரல் எழுதுவது இன்று கல்லூரி மாணவன் ஒருவன் ஓரிரு நாட்களில் செய்யக்கூடிய வேலை. அதற்குத் தெளிவான தமிழில் விளக்கமும், ஒவ்வொரு கணக்குக்கும் முன்னால் "உங்கள் தண்டு முழு வட்டமா? பிளவோ பள்ளமோ உண்டா? தகைவு மீட்சி எல்லைக்குள் இருக்கிறதா?" என்ற மூன்று கேள்விகளும் சேர்த்து எழுதுவதுதான் உண்மையான பணி. ஆசிரியர்கள் இதை மாணவர்களுக்குச் செயல்திட்டமாகவே கொடுக்கலாம்.

எப்படிப் பயன்படுத்துவது?

குறைகளைச் சொன்னதால் நிரலை ஒதுக்கிவிட வேண்டும் என்பது பொருளன்று. முறையறிந்து பயன்படுத்தினால் அது நல்ல துணை. விசையை அழுத்துமுன் மாணவன் ஒரு காகிதத்தில் மூன்று செய்திகளை எழுதிவிட வேண்டும். முதலாவது, விடை ஏறத்தாழ எவ்வளவு இருக்கும் என்ற தன் மதிப்பீடு. இரண்டாவது, விட்டத்தையோ நீளத்தையோ மாற்றினால் விடை கூடுமா, குறையுமா, எத்தனை மடங்கு என்பது. மூன்றாவது, சமன்பாட்டின் நிபந்தனைகளில் எவை இந்தத் தண்டுக்குப் பொருந்துகின்றன, எவை பொருந்தவில்லை என்பது. அதன் பிறகு விடையைப் பார்க்கட்டும். மதிப்பீடும் விடையும் ஒத்திருந்தால் மகிழலாம். ஒத்திராவிட்டால் அன்றுதான் அவனுக்கு உண்மையான பாடம் தொடங்குகிறது. தவறு எண்ணை இட்டதிலா, மதிப்பீட்டிலா, சமன்பாட்டைத் தேர்ந்ததிலா என்று தேடும் அந்த அரைமணி நேரம், இருபது கணக்குகளுக்கு விடை எழுதுவதைவிட மேலானது.

வகுப்பில் ஆசிரியர் கேட்கும் கேள்வியும் மாற வேண்டும். "தகைவு எவ்வளவு?" என்று மட்டும் கேட்டால் கணிப்பொறியே தேர்வு எழுதிவிடும். அறுத்த குழாய் ஒன்றையும், கீவே வெட்டிய தண்டு ஒன்றையும், நல்ல தண்டு ஒன்றையும் மேசைமேல் வைத்து, "இவற்றுள் எதற்கு அந்த விடை பொருந்தும்? ஏன்?" என்று கேட்க வேண்டும்.

கூலும் கையில் கம்பியும் கடிகாரமும் மட்டுமே இருந்தன. தான் அளப்பது எந்தக் கம்பியை என்பதை அவர் அறிந்திருந்தார். நம் மாணவர்களுக்கு அவரினும் எத்தனையோ மடங்கு வேகமான கருவி கிடைத்திருக்கிறது. 'எம்.டி. சாலிட்ஸ்' போன்ற நிரல்களை அவர்கள் தாராளமாகப் பயன்படுத்தட்டும். அதற்கு முன் ஒரு சுண்ணக்கட்டியை முறுக்கி உடைத்துப் பார்க்கட்டும். ஓர் அட்டைக் குழாயை ஒட்டாமலும் ஒட்டியும் முறுக்கிப் பார்க்கட்டும். இவ்விரண்டுக்கும் சேர்த்துக் கால் மணி நேரம் போதும்.